கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது ஒன்று கவனித்தேன். அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன் என்று பெங்களூரின் வேறு வேறு மூலையிலிருந்து வந்தவை, ஆனால் ஏறக்குறைய ஒரே கேள்வி. திருவிழா, மண்டபம், சுவர் ஓவியம், சிலை, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், நம்மிடம் ஏன் யாரும் கேட்பதில்லை? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த இதழ் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, எங்கள் ஏரியாவில் பழைய சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. வளைகாப்பு, பஜனை, பிள்ளைகளுக்கு டியூஷன், பதினாறாம் நாள் காரியச் சாப்பாடு வரை எல்லாம் அங்கேதான். அதை இடித்துவிட்டுக் கலாசார மையம் கட்டப் போவதாகச் சொல்லி ஒரு கூட்டம் வைத்தார்கள். வரைபடம் காட்டினார்கள், கருத்துக் கேட்டார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். நாங்கள் சொன்ன எதுவும் வரைபடத்தில் வரவில்லை. கேட்டால் "மக்களைக் கேட்டுத்தான் செய்தோம்" என்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் பங்கெடுத்ததாகத்தான் அர்த்தமா?
அல்சூர் வாசகி

இல்லை அம்மா. பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, பந்தக்கால் நட்ட பிறகு பெண்ணிடம் வந்து "உனக்குச் சம்மதமா" என்று கேட்பது போன்றதுதான் இது. கேட்டார்கள் என்பது உண்மை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடமே வைக்கவில்லை.

இதைப் பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-லேயே ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வைத்துப் பார்த்தார். கீழ் இரண்டு படி பங்கேற்பே இல்லை, மக்களைச் சமாதானப்படுத்தித் தன் பக்கம் இழுப்பது மட்டும்தான். நடுவில் மூன்று படி: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஒன்றிரண்டு பேரைக் கமிட்டியில் உட்காரவைத்துத் திருப்திப்படுத்துவது. இந்த மூன்றையும் பேருக்குச் செய்வது என்றுதான் அவர் வகைப்படுத்தினார். மேலே உள்ள மூன்று படிகளில்தான், கூட்டாக முடிவெடுப்பதிலிருந்து முழுப் பொறுப்பும் மக்கள் கைக்கு வருவது வரை, அதிகாரம் உண்மையில் கை மாறுகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இது எந்தப் படி என்று மனசுக்குள் பார்த்துக்கொள்வேன். உங்கள் கூட்டம் நாலாவது படியில் நின்றிருக்கிறது. அதுகூட, நீங்கள் சொன்னதை யாராவது எழுதி வைத்திருந்தால்தான்.

அடுத்த முறை கூட்டம் என்று யாராவது வந்தால், நோட்டில் கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் கேளுங்கள். இதில் இன்னும் முடிவாகாதது எது? எல்லாம் முடிவாகிவிட்டது என்றால் கூட்டம் எதற்கு? மொத்தப் பணம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? கட்டி முடித்த பிறகு சாவி யாரிடம் இருக்கும், வாடகையை யார் நிர்ணயிப்பார்கள்? நாங்கள் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்வீர்களா? இதில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். புதுக் கட்டிடத்தில் ஏசி வரும், மேடையும் விளக்கும் வரும், கூடவே வாடகையும் ஏறும். நேற்று வரை பதினாறாம் நாள் காரியத்துக்கு இடம் கொடுத்த கூடம் நாளைக்கு "ஈவன்ட்" நடத்துகிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும். கலாசார மையம் என்று பேர் வைத்து, அந்தத் தெருவின் கலாசாரம் நடக்க இடமில்லாமல் செய்வதை நான் இந்த ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சட்டத்திலும் உங்களுக்குப் பிடி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4. மக்களைப் பாதிக்கும் முக்கியமான முடிவை அறிவிக்கும்போது அது சம்பந்தமான விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்கு முடிவின் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. யாரும் கேட்காமலே செய்ய வேண்டிய வேலை அது. செய்யாவிட்டால் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் கோபத்தையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். கூட்டத்தின் குறிப்பேட்டு நகல், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், மதிப்பீட்டுத் தொகை, அவ்வளவு போதும். நீங்கள் சொன்னது குறிப்பில் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

கிராமத்தில் கிராமசபை இருக்கிறது. பெங்களூர் மாதிரி நகரத்தில் இருப்பவனுக்கு என்ன இருக்கிறது?
காக்ஸ் டவுன் வாசகர்

காகிதத்தில் இருக்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு கமிட்டி அமைக்கச் சொல்கிறது. அதே திருத்தத்தில் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகள் இருக்கின்றன. குடிநீர், குப்பை, சாலையோடு கூட, 13-வதாகக் கலாசாரம், கல்வி, அழகியல் சார்ந்த அம்சங்களை வளர்ப்பதும் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. கலை என்றால் அது விதான சௌதாவிலோ டெல்லியிலோ முடிவாகும் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் தெருவின் மண்டபமும் திருவிழாவும் வார்டு மட்டத்தில் பேச வேண்டிய விஷயம் என்று அரசியல் சட்டமே இடம் வைத்திருக்கிறது.

நடைமுறை என்று பார்த்தால் மனசு வலிக்கிறது. பெங்களூரில் மாநகராட்சித் தேர்தல் 2015-ல் நடந்தது, அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கவுன்சிலரே இல்லாத நகரமாக ஓடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாத இடத்தில் யாரிடம் போய் நிற்பது? என்ஜினியரிடம்தான். அவர் தப்பு ஒன்றும் இல்லை, அவருக்குக் கான்கிரீட் தெரியும், உங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவது எங்கே என்று தெரியாது.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள். நான் அந்த வரிசையைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். முதலில் பணம், பிறகு பேச்சு. கையில் காசு இல்லாத கமிட்டிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் வர மாட்டார்கள்.

நாங்கள் பறை அடிக்கும் குழு, எட்டுப் பேர். அரசு விழா, கல்லூரி விழா, எல்லாவற்றுக்கும் எங்களைக் கூப்பிடுகிறார்கள், முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். விழாவைத் திட்டமிடும் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இதைக் கேட்டால் தப்பா?
ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி

தம்பி, இந்த இதழில் எனக்கு வந்த மிக முக்கியமான கடிதம் உன்னுடையது. கேள், தப்பே இல்லை. சத்தமாகவே கேள்.

மரபுக் கலைகளைக் காப்பது பற்றி யுனெஸ்கோ 2003-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா 2005-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 15-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அந்தக் கலையை உருவாக்கி, பேணி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற சமூகங்களையும் குழுக்களையும் முடிந்த அளவு பங்கெடுக்க வைக்க வேண்டும், நிர்வாகத்திலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆடுவதற்கு மட்டும் கூப்பிட்டால் போதாது என்பதை நம் அரசே கையெழுத்துப் போட்டு ஏற்றிருக்கிறது. இந்த வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்.

ஆனால் நீ எழுதாத ஒன்றையும் நான் எழுதுகிறேன். பறையை எடுத்தவன் என்ன சாதி என்று பார்த்து, அவனை வாசலோடு நிறுத்திய நூற்றாண்டுகள் நமக்குப் பின்னால் இருக்கின்றன. இன்று மேடைக்கு முன்னால் கைதட்டல் கிடைக்கிறது, சந்தோஷம். மேடைக்குப் பின்னால் உள்ள மேஜையில் இன்னும் நாற்காலி கிடைக்கவில்லை என்றால் பழைய வாசல் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் எந்த நேரத்தில் ஆடுவது, எத்தனை நிமிஷம், சம்பளம் எவ்வளவு, அது அன்றைக்கே கைக்கு வருமா மூன்று மாதம் கழித்து வருமா, பறையை நெருப்பில் காய்ச்ச எங்கே இடம், இதெல்லாம் அந்த மேஜையில்தான் முடிவாகிறது. மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் தோல் தளர்ந்த பறையோடு மேடை ஏறப் போவது நீங்கள்தான், அவர் இல்லை.

இன்னொரு விஷயம் நேரம். இந்த மாதிரிக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில் பதினொரு மணிக்கு நடக்கும். பெயின்ட் வேலைக்கும் டெலிவரிக்கும் போகிற உங்கள் ஆட்கள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மேஜையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது சம்பள நேரம். அதனால் நாற்காலி கேட்கும்போதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், இல்லையென்றால் அன்றைய கூலியைக் கொடுங்கள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சட்டத்தில் எண் போட்டு எழுதினால் நாற்காலி கிடைக்கும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் கமிட்டியில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களையும் வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காய்கறி விற்கிற அம்மாவுக்கு மேஜையில் இடம் உண்டு என்று சட்டம் சொல்லும்போது, கலைஞர்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு எண் இல்லை? விழாக் கமிட்டி எதுவாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கலைஞர்கள் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாரையும் கேட்டு முடிவெடுத்தால் கலையின் தரம் கெட்டுவிடாதா? ஓட்டுப் போட்டா நல்ல ஓவியத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்?
ஓவியக் கல்லூரி மாணவி, பெங்களூர்

உன் பயம் நியாயமானது, நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் யோசித்தேன். ஓவியத்தை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஓவியர் ஓவியராகவே இருக்கட்டும். ஆனால் எந்தச் சுவரில், யார் வீட்டுக்கு எதிரில், எதை அப்புறப்படுத்திவிட்டு வரைகிறோம் என்பது ஓவியக் கேள்வி இல்லையே.

எங்கள் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். முனையில் ஒரு நீளமான காம்பவுண்ட் சுவர். அதில் அடித்திருந்த ஆணிகளில் பூக்கார அம்மா சரங்களைத் தொங்கவிடுவார், பக்கத்தில் அயர்ன் வண்டி நிற்கும், மழை வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தார்ப்பாய். ஒரு குழு வந்தது, ஆணியைப் பிடுங்கினார்கள், மூன்று நாளில் அற்புதமான ஓவியம் வரைந்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தியின் முகம், ஆளுயரத்துக்கு. நிஜமாகவே அழகு. பிறகு ஓவியத்தை மறைக்கிறது என்று சொல்லி அயர்ன் வண்டியை எதிர்ப்பக்கம் போகச் சொன்னார்கள், பூக்கார அம்மா பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார். சுவரில் பூக்காரி இருக்கிறாள், கீழே இல்லை. வரைவதற்கு முன் அரைமணி நேரம் அந்த இரண்டு பேரிடம் பேசியிருந்தால் ஓவியத்தை இரண்டடி மேலே ஏற்றியிருப்பார்கள், ஆணியும் இருந்திருக்கும். தரம் ஒன்றும் குறைந்திருக்காது.

அப்புறம், கேட்காமல் முடிவெடுப்பதால் கஷ்டப்படுவது தெருவில் இருப்பவர்கள் மட்டும் என்று நினைக்காதே. கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடம் இருக்கிறதே, போயிருப்பாய். 2015-ல் அதைப் பராமரிக்க ஒரு தனியார் அறக்கட்டளையோடு அரசு ஒப்பந்தம் போட்டது. அங்கே படம் மாட்டி வளர்ந்த ஓவியர்களுக்கே பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2016-ல் ஓவியர்கள், நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள் என்று பலரும் ஒன்றுசேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தனியார் வந்தால் கூரை ஒழுகாது, விளக்கு எரியும் என்ற வாதத்திலும் உண்மை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த வாடகையில் முதல் கண்காட்சி வைக்கிற இளம் ஓவியருக்கு அந்தச் சுவர் இனி கிடைக்குமா என்ற கேள்விக்கு, ஒப்பந்தம் போடும் முன்பே உட்கார்ந்து பதில் தேடியிருக்க வேண்டும். உன்னைப் போன்ற நிபுணர்களையே கேட்காமல் விட்ட கதை அது. மக்களைக் கேட்காதே என்று சொல்லும் வழக்கம் ஒரு நாள் உன்னையும் அந்த மக்கள் பட்டியலில் சேர்த்துவிடும்.

பிரேசில் நாட்டில் 2004-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், கலாசாரப் புள்ளிகள் என்று பேர். அப்போது கலாசார அமைச்சர் ஜில்பெர்ட்டோ ஜில், அவரே பெரிய பாடகர். புதிதாகக் கட்டிடம் கட்டி மக்களுக்குக் கலையைக் கொண்டுபோகிறேன் என்று அவர் சொல்லவில்லை. குடிசைப் பகுதியிலும் கிராமத்திலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்த குழுக்களைத் தேடி, நேரடியாக அவர்களிடம் பணத்தைக் கொடுத்தார்கள். உடம்பில் உயிர்ப் புள்ளிகளைப் பார்த்து அழுத்திவிடுவது போல என்று அதை விளக்கினார், நம் ஊர் வர்மக்காரர் சொல்வது மாதிரி. 2014-ல் அது சட்டமாகவே ஆனது. அங்கே தரம் கெட்டதா என்று கேட்டால், யார் கண்ணுக்குத் தரம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நாம் இங்கே பிழைக்க வந்தவர்கள். கர்நாடகத்துக் கலாசார விஷயத்தில் தமிழர்கள் வாய் திறக்கலாமா? சண்டை வராதா?
விவேக் நகர் வாசகர்

ஐயா, மூன்று தலைமுறையாக இருக்கிறேன் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். வரி கட்டுகிற, வாக்களிக்கிற ஊரில் வாய் திறக்கலாம். எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991-ல் தயாராகி, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 வருஷம் துணி போட்டு மூடியே கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் துணியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 2009 ஆகஸ்ட் 9-ல் அது திறந்தது, நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. ஒருவருக்கு மரியாதை கேட்டவர்கள் அடுத்தவருக்கும் மரியாதை செய்தபோதுதான் பூட்டு திறந்தது. ஆனால் அது இரண்டு முதலமைச்சர்கள் பேசி முடித்த காரியம். தெருவில் இருக்கும் நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெங்களூர்க் கரகத்தைப் பாருங்கள். தர்மராயர் கோயில் கரகம் திகளர் சமூகத்தின் விழா, நகரமே கூடும். ராத்திரி ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று போவது வழக்கம். 2022-ல் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று வெளியிலிருந்து சிலர் குரல் எழுப்பியபோது, விழாவை நடத்துகிறவர்கள் மரபை மாற்றவில்லை, கரகம் தர்காவுக்குப் போனது. விழா யாருடையதோ அவர்கள் கையில் முடிவு இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் தெருக் கோரிக்கையைத் தமிழர் கோரிக்கையாக எழுதாதீர்கள். மேல்வீட்டுக் கன்னடக்காரர், எதிர்வீட்டு உருது பேசும் குடும்பம், கீழே இருக்கும் தெலுங்குக்காரர், எல்லாரும் சேர்ந்து கன்னடத்தில் எழுதுங்கள். மண்டபம் எல்லாருக்கும் வேண்டும்தானே. மனுவைக் கன்னடத்தில் எழுதுவது பயந்து செய்கிற காரியம் இல்லை, படிக்கிறவர் மொழியில் எழுதுவது மரியாதை, வேலையும் நடக்கும்.

உத்திரமேரூர் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் செய்ததைத்தானே இன்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்?
ஒரு வாசகர், பெங்களூர்

பெருமைப்படலாம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 வருஷக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னது, கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி வாய்ப்பில்லை என்று விதித்தது, எல்லாம் பெரிய விஷயம். கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தடை போட்டார்களே, அது இன்றைக்கும் வேண்டும். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பேர் போகும் என்பதையும் படியுங்கள். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-லிருந்து 70 வயது. பெண்கள் இல்லை, வயலில் உழைத்தவர் இல்லை, மேலே எழுதிய பறைத் தம்பியின் முன்னோர் இல்லை. ஓலையையும் குடத்தையும் எடுத்துக்கொள்வோம், பட்டியலைப் புதிதாக எழுதுவோம்.

எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேசப் பயம். என் மாதிரி ஆள் போய் என்ன ஆகப் போகிறது?
இல்லத்தரசி, அல்சூர்

பேச வேண்டாம், எழுதிக்கொண்டு போங்கள். ஒரே கேள்வி, இரண்டே வரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு நகல் எடுங்கள், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காருங்கள். யாராவது எழுந்து "இவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்று சொல்வார்கள், அந்த ஒருவரை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழின் முதல் கேள்வியை எழுதியவரும் அல்சூர்தான். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அறிமுகம் செய்துவைக்கிறேன், எழுதுங்கள்.